ஆடி மாசத்துச் சேர்மன்

"ஆயிடும் சார், நாந்தான் கீறேன் இல்ல?" என்று வலது காதில் இருக்கும் செல்போனுக்குச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் இடது காதில் இருக்கும் செல்போனுக்கு, "நீ போடா, அதெல்லாம் பண்ணிக்கலாம்" என்கிறார் கங்காதரன். இரண்டு பேரும் கேட்டது ஒரே ஞாயிற்றுக்கிழமையை. இரண்டு பேருக்கும் கொடுத்தாயிற்று. போன்களை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, சொம்பிலிருக்கும் மோரை அண்ணாந்து குடித்து மீசையைத் துடைத்துக்கொள்கிறபோது அவர் முகத்தில் தெரிகிற நிம்மதி இருக்கிறதே, ஊருக்கே சோறு போட்டவனுக்குக்கூட அப்படியொரு நிம்மதி வராது.

அறுபது முடிந்துவிட்டது மனிதருக்கு. இன்னும் யாரிடமும் 'முடியாது' என்று சொல்லி வாய் பழகவில்லை. ஆளுங்கட்சிக்காரன் கேட்டாலும் ஆயிடும், எதிர்க்கட்சிக்காரன் கேட்டாலும் ஆயிடும். ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு கல்யாண வீட்டாருக்குத் தன் மண்டபத்தை வாக்குக் கொடுத்து, ஒரு கல்யாணத்தை மாடி ஹாலிலும் இன்னொன்றைக் கீழே சாப்பாட்டுக் கூடத்திலும் நடத்திவைத்த மகானுபாவர். எந்தப் பந்தியில் உட்கார்ந்தவன் எந்தப் பெண்ணுக்கு உறவு என்பது அன்றைக்குக் கடைசிவரை யாருக்கும் விளங்கவில்லை. "எல்லாரும் சாப்ட்டாங்க இல்ல? அப்பறம் இன்னா?" என்று கேட்டுவிட்டார். அவர் மனைவி லோகநாயகிக்கு மட்டும் இதில் ஒரு தீராத வருத்தம். "ஊர்ல எவன் கேட்டாலும் ஆயிடும். நான் மிக்சிய ரிப்பேருக்குக் குடுங்கன்னா மட்டும் 'இப்ப இன்னா அவசரம்'பாரு" என்கிறாள்.

மண்டபத்தின் பெயர் முத்தாலம்மன் மகால். தாம்பரத்திலிருந்து மாடம்பாக்கம் போகிற வழியில், ஷேர் ஆட்டோக்காரர்கள் 'மகால் ஸ்டாப்பிங்' என்று கூவுகிற இடத்தில் இருக்கிறது. ஏ.சி. உண்டு, போட்டால் ஓடவும் செய்யும். சுற்றியிருந்த நிலமெல்லாம் ஒரு காலத்தில் கங்காதரன் குடும்பத்துடையது. அதை மனையாகப் போட்டு விற்றதும் அவர்கள்தான். அதனால் அதைப் பற்றி அழுவதற்கு அவருக்கு உரிமை இல்லை, அவரும் அழுததில்லை. ஆனால் இந்த ஆடிக்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒன்று நடந்தது. கோயில் பத்திரிகை கொடுக்கலாம் என்று, தன் அப்பா வேர்க்கடலை போட்ட நிலத்தில் எழும்பியிருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போனார். வாசலில் காவலாளி மறித்தான். "எந்த ஃப்ளாட்டு? போன் நம்பர் சொல்லுங்க. ஓ.டி.பி. வந்தாத்தான் உள்ள வுடுவேன்." வெயிலில் நின்றார். ஓ.டி.பி. வந்தது. அதைப் படிக்கக் கண்ணாடி கொண்டுவரவில்லை. வீட்டுக்குத் திரும்பி வந்து, "எங்கப்பன் மண்ணுல கால வெக்க எனக்கே ஓ.டி.பி.யா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார். அந்த ஃப்ளாட்டில் இருக்கிற ஐந்நூறு குடும்பத்துக்கும் தான் யார் என்று தெரியவேண்டும் என்பது அன்றைக்கு அவருக்குள் முளைத்த ஆசை. அந்த ஆசைதான் அவரை உலக இசைக்குத் தலைவராக்கியது.

அந்த வாரம்தான் ஆபேல் வந்து சேர்ந்தார். கேம்ப் ரோடு பக்கத்தில் ஒரு பள்ளியில் இசை வாத்தியார், ஒல்லி, பேசும்போதுகூடக் கை தாளம் போட்டுக்கொண்டே இருக்கும். அக்கம்பக்கத்தில் வயலின் தெரிந்தவர்களையெல்லாம் தேடிப் பிடித்து ஒரு சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா சேர்த்து வைத்திருந்தார். பதினாறு பேர்: நான்கைந்து கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள், ஒரு பல் டாக்டர், கோயில் மணியடிக்கிற நேரத்துக்கு எழுந்து வயோலா பழகும் ஸ்ரீநிவாசராகவன் என்ற, ரயில்வேயில் ஓய்வுபெற்றவர், இப்படி. ஒத்திகை நடந்தது பல் டாக்டரின் கிளினிக்கில். உள்ளே டிரில், வெளியே வயலின். எத்தனையோ நோயாளிகள் எது எது என்று தெரியாமல் பயந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு ஒரு கனவு இருந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை, நாலு நாட்டு இசை, கடைசி ஞாயிறு வெளிநாட்டிலிருந்தே ஒரு விருந்தாளி. 'உலக இசைப் பருவம்' என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். இடம்தான் இல்லை.

"நம்ம மகால் இருக்கச்சொல்ல நீங்க எங்க சார் போறீங்க?" என்றார் கங்காதரன். "ஆடி மாசம் பூரா உங்களுது. வாடகையெல்லாம் வேணாம். பத்திரிகையில சேர்மன்னு மட்டும் நம்ம பேரப் போட்டுடுங்க."

ஆபேல் கண் கலங்கிப்போனார். ஒரு கல்யாண மண்டபம் ஒரு மாசம் முழுக்க எப்படிச் சும்மா கிடைக்கிறது என்று அவர் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. ஆடி என்றால் அவருக்கு ஜவுளிக்கடைத் தள்ளுபடி. ஆடியில் கல்யாணம் கிடையாது, அதனால் மண்டபத்துக்கு ஆள் கிடையாது. ஆனால் மண்டபத்தின் முதுகுப்பக்கச் சுவரை ஒட்டினாற்போல் முத்தாலம்மன் கோயில் இருக்கிறது. ஆத்தாளுக்கு ஆடிதானே மாசம்! கூழ் வார்ப்பார்கள், காப்புக் கட்டுவார்கள், பம்பை அடிப்பார்கள், காலையில் ஆரம்பிக்கிற அம்மன் பாட்டு சாமி தூங்கப்போகிறவரைக்கும் ஓடும். அந்தப் பாட்டு வருகிற நான்கு குழாய் ஸ்பீக்கரும் கட்டப்பட்டிருப்பது கோயிலை ஒட்டிய உயரமான கட்டடத்தின் மேல். அது எந்தக் கட்டடம் என்று கேட்கிறீர்களா? முத்தாலம்மன் மகால் மொட்டைமாடி. கரண்ட்டும் மகாலிலிருந்துதான், கங்காதரன் உபயம். குண்டூசி விழுந்தால் கேட்கிற நிசப்தத்தில் வாசிக்கவேண்டிய இசையை, வருஷத்திலேயே அதிகச் சத்தம் போடுகிற மாசத்தில், அந்தச் சத்தத்துக்கு நேர் கீழே கொண்டுவந்து குடிவைத்த பெருமை உலகத்தில் வேறு எந்தச் சேர்மனுக்கும் கிடைத்திருக்காது.

சேர்மன் ஆன பிறகு கங்காதரனின் தோற்றத்தில் ஒரு மாற்றம். வெள்ளை வேட்டி அப்படியே இருந்தது, மேலே ஒரு கறுப்புக் கோட்டு ஏறியது. நெற்றியில் குங்குமம், விரலில் இரண்டு மோதிரம், தோளில் கோட்டு. "இன்னா மாமா, கேசு எதுனா வாதாடறீங்களா?" என்று கேட்டான் அவருடைய அக்கா மகன் வெற்றிவேல். தண்ணி லாரி வைத்திருக்கிறவன். ஆடி பிறந்தால் லாரியை ஓரங்கட்டிவிட்டு மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கோயில் விழாவைத் தன் தோளில் தூக்கிப்போட்டுக்கொள்வான். ஸ்பீக்கர் சாவி அவன் கையில்.

கச்சேரி நடக்கும்போது சேர்மன் உட்காருகிற இடம் முதல் வரிசை. மாப்பிள்ளை-பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவை மேடையிலிருந்து இறக்கி நடுவில் போட்டு, அதில் தனியாக உட்காருவார். மேடையின் பின்னால் ஆனி மாசக் கடைசி முகூர்த்தத்தின் ஜோடனை அப்படியே இருந்தது. தெர்மோகோலில் இரண்டு மயில், நடுவே 'ஹேமநாத் – துர்கா' என்று ஜிகினா எழுத்து. எடுத்துவிடச் சொல்லி ஆபேல் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் ஆயிடும். அதன் கீழே கறுப்பு உடையில் பதினாறு பேர் உட்கார்ந்து, இருநூறு வருஷத்துக்கு முன் செத்துப்போன ஆஸ்திரியக்காரர் ஒருவருடைய இசையை வாசித்தார்கள். ஃப்ளாட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், வாசிப்பு முடிந்ததும் முன்வரிசை வயலின் பெண்ணிடம் போய், "துர்கா, ரொம்ப நல்லா வாசிச்சேம்மா" என்று கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

இசையைச் சேர்மன் கேட்டாரா என்றால், இல்லை. கேட்க நேரமேது? போன் அதிரும், கோட்டால் வாயை மூடிக்கொண்டு பேசுவார். யாராவது வந்தால் எழுந்து நின்று கும்பிடுவார். பாட்டுப் பாட ஒருத்தரும் வரவில்லையே என்று சொந்தக்காரர்கள் குறைப்பட்டுக்கொண்டால், "வருவாங்க, மேக்கப் போட்டுக்கினு கீறாங்க" என்று அதற்கும் ஒரு வாக்குக் கொடுத்து வைப்பார். முடிந்ததும் மேடையேறி ஆளுக்கொரு சால்வை போடுவார். அந்தப் பதினாறு பேரும் வீட்டில் சால்வை வைக்க இடமில்லாமல் தவித்தார்கள். இருந்தாலும், வெளியே போகும்போது ஃப்ளாட்டுக்காரர்கள் "தேங்க் யூ சேர்மன் சார்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கவேண்டும், காவலாளி, ஓ.டி.பி., எல்லாம் கரைந்துவிட்டிருக்கும்.

சத்தத்தை என்ன செய்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? முதல் ஞாயிறு தெய்வாதீனம். மைக் செட்காரன் படப்பைக் கோயில் ஒன்றில் மாட்டிக்கொண்டு ஸ்பீக்கரையே கொண்டுவரவில்லை. இரண்டாம் ஞாயிறு, வெற்றிவேலையும் விழாப் பையன்களையும் தன் வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். வடை, பாயசம், இலை போட்டு உபசாரம். "இன்னும் ஒண்ணு வெய், இன்னும் ஒண்ணு வெய்" என்று போனிலேயே லோகநாயகிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன்கள் எழுந்திருக்க முடியாமல் திண்டாடிய நேரத்தில் இங்கே செக் நாட்டு இசை தடையில்லாமல் நடந்து முடிந்தது. "சாப்பாட்டுலயே ஆள அடிச்சுப் போட்டாரும்மா உங்கூட்டுக்காரரு" என்று அவளிடமே சொல்லிவிட்டுப் போனான் ஒருவன். மூன்றாம் ஞாயிறு, ஆபேலிடம் ஸ்பீக்கர் ஏழு மணிக்குத்தான் என்றார். வெற்றிவேலிடம் வாசிப்பு நாலரைக்கே முடிந்துவிடும் என்றார். அர்ஜென்டினா பாதியிலிருக்கும்போது ஆத்தா பாட்டு தலைமேல் இறங்கியது. ஆர்க்கெஸ்ட்ரா ஒரு சுருதியிலும் ஆத்தா ஒரு சுருதியிலுமாகப் போட்டி போட்டதில், கூட்டத்தில் இருந்த கங்காதரனின் சித்தி ஒருத்தி சாமி வந்து ஆட ஆரம்பித்துவிட்டாள். அவளுக்கு அருள் எந்தப் பாட்டினால் வந்தது என்பது இன்னும் ஊரில் முடிவாகாத வழக்கு.

அன்றைக்கு ஆபேல் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "சார், அடுத்த வாரம் எஸ்தோனியாவுலேர்ந்து ஹெலி வராங்க. செல்லோ ஆர்ட்டிஸ்ட். அவங்க வாசிக்கப்போறது ரொம்ப மெதுவான பீஸ். ஒரு இருமல் வந்தாக்கூடத் தாங்காது. ஸ்பீக்கர் ஓடினா நாங்க வெளியே போயிடறோம். எதிர்ல சம்பந்தம் சார் அவரோட ஹாலத் தரேன்னு சொல்லியிருக்கார்."

இது ஒரு பக்கம். அதே ராத்திரி வெற்றிவேல் இன்னொரு பக்கம் வந்து நின்றான். "மாமா, கடைசி ஞாயிறு கூழு. அபிஷேகம் நடக்கச்சொல்ல ஸ்பீக்கர் நின்னுச்சுன்னு வெச்சுக்க, பரிவட்டம் உனக்குக் கெடயாது. பெரியவங்க சொல்லிட்டாங்க. சம்பந்தம் மாமாவுக்குக் கட்டிடுவாங்க."

சம்பந்தம் கங்காதரனின் பங்காளி, வயதில் இளையவர். சாலையின் எதிர்ப்பக்கம் போன வருஷம் 'சம்பந்தம் கிராண்ட்' என்று லிஃப்ட் வைத்து ஒரு மண்டபம் கட்டியவர். டி.ஜே. சத்தத்துக்கு ஃப்ளாட்டுக்காரர்கள் போலீசுக்குப் போனதால், தரைக்குக் கீழே ஒரு ஹால் தோண்டி, சுவரெல்லாம் பஞ்சு வைத்து அடைத்து, லாக்கர் கதவு மாதிரி ஒரு கதவும் போட்டிருக்கிறார். பரிவட்டம் என்பது ஆத்தா சந்நிதியில் தலையில் பட்டுத்துணி கட்டிக் கொடுக்கிற முதல் மரியாதை. தாத்தா காலத்திலிருந்து கங்காதரன் வீட்டுத் தலைக்குத்தான். ஆக, ஸ்பீக்கரை நிறுத்தினால் பரிவட்டம் சம்பந்தத்துக்கு. நிறுத்தாவிட்டால் ஆர்க்கெஸ்ட்ரா சம்பந்தத்துக்கு. பழைய ஊர் ஒரு கையில், புது ஊர் ஒரு கையில். எந்தக் கையைத் திறந்தாலும் அது போய் விழுகிற மடி சம்பந்தத்தின் மடி. மனிதர் அந்த வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. மீன்குழம்பு வைக்கிற வீடாக இருந்தால் அதைக் காட்டியாவது சாப்பிட வைத்திருக்கலாம். ஆடிக் காப்புக் கட்டிய வீட்டில் அதற்கும் வழியில்லை.

"யாருக்காவது ஒருத்தருக்கு முடியாதுன்னு சொல்லிடுங்களேன். தல போயிடுமா?" என்றாள் லோகநாயகி.

"இன்னாடி பேசற நீ? வந்து கேக்கறவன் மூஞ்சியப் பாத்து எப்டிச் சொல்றது?"

சொல்லவில்லை. ஆபேலுக்கும் ஆயிடும் என்றார், வெற்றிவேலுக்கும் பண்ணிக்கலாம் என்றார். இந்தச் சித்திரத்தின் ஆரம்பத்தில் அவர் இரண்டு காதிலும் போன் வைத்திருந்தது அந்த வெள்ளிக்கிழமைதான்.

ஞாயிறு வந்தது. ஹெலி வந்தாள். ஆறடி உயரம், முதுகில் ஒரு பெரிய பெட்டி, ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மூன்று மணி நேரம் நின்று வந்த களைப்பு. ஆனாலும் சிரித்த முகம். ஹால் முக்கால்வாசி நிரம்பியிருந்தது. வெள்ளைக்காரி வருகிறாள் என்று ஃப்ளாட்டே திரண்டு வந்துவிட்டது. சேர்மன் மைக்கைப் பிடித்தார். "எஸ்தோனியா நமக்குத் தூரத்து ஊரு இல்லீங்க. அவங்க ஊர்லயும் நெறைய ஏரி கீதாம். நம்ம ஊர்லயும் ஏரி இருந்துச்சு" என்றார். அந்த ஏரியில் பட்டா போட்டவர்கள் சிலர் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள். ஹெலிக்கு வாசிப்பதற்கு முன்பே ஒரு சால்வை விழுந்தது. அந்தப் புழுக்கத்தில் அவள் அதைத் தோளில் போட்டுக்கொண்டே உட்கார்ந்தாள், பாவம்.

வாசிப்பு ஆரம்பித்தது. வில்லை அவள் தந்தியில் வைத்ததுகூடத் தெரியவில்லை, அவ்வளவு மெல்ல. இரண்டு நிமிஷம் ஹாலில் ஒரு நாற்காலி அசையவில்லை. அடுத்த நிமிஷம் மொட்டைமாடியில் கரகரவென்று ஒரு சத்தம், பிறகு "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்", பிறகு பம்பை உடுக்கையோடு ஆத்தா பாட்டு நான்கு குழாயிலும் சேர்ந்து இறங்கியது. தெர்மோகோல் மயில் அதிர்ந்து ஜிகினா உதிர்ந்தது. ஹெலி வாசிப்பதை நிறுத்தவில்லை. ஆபேல் மட்டும் தாளம் காட்டிய கையைக் கீழே விடாமலே தலையைத் திருப்பி சோபாவைப் பார்த்தார். சோபாவில் போன் அதிர்ந்தது. வெற்றிவேல். "மாமா, அபிஷேகம் ஸ்டார்ட்டு. சவுண்டு போதுமா, இன்னும் ஏத்தவா?"

"ஒரு நிமிசம்டா, தோ வரேன்" என்று எழுந்தார் கங்காதரன்.

ஹாலுக்கும் கோயில் சந்துக்கும் நடுவில், கைகழுவுகிற இடத்தை ஒட்டி ஒரு நடை இருக்கிறது. அங்கேதான் மின்சாரப் பெட்டி. அவர் அதன் முன்னால் போய் நின்றார். வியர்த்துக் கொட்டியது. ஒருத்தனுக்கும் முடியாது என்று சொல்லாமல் ஒரு காரியத்தை நிறுத்த இந்த உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கரண்ட் போகவேண்டும். கரண்ட் போனால் யாரும் யாரையும் கோபித்துக்கொள்ள முடியாது. பரிவட்டமும் தப்பிக்கும், ஆர்க்கெஸ்ட்ராவும் தப்பிக்கும். சுற்றுமுற்றும் பார்த்தார். மெயின் லிவரைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

ஆத்தா பாட்டு பாதிச் சொல்லில் நின்றது. ஃபேன், ஏ.சி., விளக்கு எல்லாம் அடங்கியது. "சே, இன்னா பேஜாரு இது! இப்பத்தான் கரண்ட் போவணுமா?" என்று இருட்டில் முதல் ஆளாக உரக்கக் கத்தினார் சேர்மன்.

பிறகு அவரும் அடங்கினார். ஏனென்றால் இருட்டில் செல்லோ மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஹெலி கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பவள் போலிருக்கிறது, விளக்கு போனதே அவளுக்குத் தெரியவில்லை. நாலு வாரமாகத் தன் மண்டபத்தில் நடந்தது இதுதான் என்று கங்காதரனுக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வாசிப்பு அழுகிற மாதிரியும் இருந்தது, யாரும் அழவில்லை என்கிற மாதிரியும் இருந்தது. அது அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆயிடும் என்று பதில் சொல்லவேண்டிய அவசியமே இல்லாத ஒன்றை அவர் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டார். நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் போல இருந்தது.

எங்கே கேட்க? கரண்ட் போனால் தானாகவே கிளம்புகிற ஜெனரேட்டரைச் சித்திரை மாசம் வாங்கிப் போட்டு, அதற்குப் பூஜை வைத்து, ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தவர் அவரேதான். அது சுவருக்கு அந்தப் பக்கம் கடகடவென்று உயிர் பெற்றது. விளக்கெல்லாம் குப்பென்று எரிந்தது. விட்ட சொல்லிலிருந்து ஆத்தா பாட்டும் தொடங்கியது. நடையின் ஒரு முனையில் ஆபேல் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு முனையில் மஞ்சள் வேட்டியோடு வெற்றிவேல். நடுவில், கறுப்புக் கோட்டோடு, லிவரில் வைத்த கையோடு கங்காதரன்.

"சேர்மன் சார்?" என்றார் ஆபேல்.

"மாமா?" என்றான் வெற்றிவேல்.

"நானும் அதத்தான் பாக்கறேன். எவனோ வந்து கைய வெச்சுட்டான் போலக் கீது" என்றார் கங்காதரன். சொன்ன பிறகுதான் லிவரிலிருந்து கையை எடுத்தார்.

"சார், ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க ஆஃப் பண்ணினது எங்களையா, அவங்களையா?"

"அதச் சொல்லு மாமா மொதல்ல. ஆத்தாவுக்குப் பால் ஊத்தச்சொல்லவா லைன புடுங்குவ?"

"ரெண்டு பேருக்கும் நல்லதுக்குத்தாம்பா" என்றார். அதில் பொய் இல்லை. ஆனால் அதைக் கேட்ட இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நாலு வாரமாக ஒரே மண்டபத்தில் இருந்தும் அவர்கள் பேசிக்கொண்டதில்லை. பேச விடாமல் பார்த்துக்கொண்டதுதான் சேர்மனின் சாமர்த்தியம். "உங்ககிட்ட எங்களப் பத்தி இன்னா சார் சொன்னாரு?" என்று கேட்டான் வெற்றிவேல். "கேட்டா அடிக்க வருவீங்க, நீங்க நேர்ல பேசாதீங்கன்னார்" என்றார் ஆபேல். "அடப்பாவி மாமா! எங்ககிட்ட நீங்க கேசு போடுவீங்கன்னாரு சார்." இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் கங்காதரன் சேரப் பார்த்தார். யாரும் இடம் கொடுக்கவில்லை.

இதற்குள் சாலையைத் தாண்டி சம்பந்தம் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, பணிவான சிரிப்பு. "இன்னா அண்ணா, இங்க கரண்ட் போச்சாமே? எங்களுக்குக் கீதே!" என்றார், ரொம்பக் கவலையாக. பிறகு ஆபேல் பக்கம் திரும்பினார். "சார், நம்ம கீழ் ஹாலு காலியாத்தான் கீது. கதவச் சாத்திட்டா மேல இடி விழுந்தாக்கூடக் கேக்காது. இப்பவே வாங்க."

"அப்ப எங்க பாட்டும் ஓடலாம், உங்க பாட்டும் ஓடலாம். இதுக்குப் போயி நாலு வாரம்!" என்றான் வெற்றிவேல். உள்ளே எட்டிப் பார்த்து, "அந்தப் பெரிய பிடில எப்டி சார் கொண்டாருவீங்க?" என்று டபுள் பாஸைக் காட்டிக் கேட்டான். ஆபேல் யோசிப்பதற்குள் அவனே விசில் அடித்தான். மஞ்சள் வேட்டிப் பையன்கள் ஆறேழு பேர் திமுதிமுவென்று வந்தார்கள். பெரிதாக எதைக் கண்டாலும் தோளில் ஏற்றிப் பழகியவர்கள். டபுள் பாஸ் தோளில் ஏறியது. அது வாசலைத் தாண்டியதும், வெளியே பீடி குடித்துக்கொண்டு நின்ற பம்பைக்காரர்கள், மஞ்சள் வேட்டித் தோளில் ஏதோ வருகிறது என்று கண்ட மாத்திரத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் ஆபேல், அவர் பின்னால் வயலின்கள், சால்வையோடு ஹெலி, அவளைப் படமெடுத்தபடி ஃப்ளாட்டுக்காரர்கள். ஷேர் ஆட்டோக்களெல்லாம் நின்று வழி விட்டன. ஒரு கிழவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஹாலில் காலி நாற்காலிகளும் சிவப்பு சோபாவும் ஹேமநாத் – துர்காவும் மிச்சம். லோகநாயகி கணவனிடம் வந்தாள். எத்தனையோ தரம் திட்டியவள், அன்றைக்குத் திட்டவில்லை. "இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போவல. ஓடிப்போயி, 'யாரும் போவக்கூடாது, பாட்ட நானே நிறுத்தறேன், பரிவட்டம் போனாப் போவுது'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. அந்தப் பொண்ணு வாசிச்சத நானுந்தான் கேட்டேன். சொல்லுங்க" என்றாள்.

கங்காதரன் வாயைத் திறந்தார். தொண்டைவரை வந்தது போலத்தான் இருந்தது. கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக வெளியே ஓடினார், அவள்கூட நம்பிவிட்டாள். ஊர்வலத்தைப் பக்கவாட்டில் முந்தினார். ஆபேலைத் தாண்டினார். பையன்களைத் தாண்டினார். எல்லோருக்கும் முன்னால் போய்க் கையை உயர்த்தினார். பம்பை ஒரு கணம் நின்றது. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

"வழி வுடு, வழி வுடு! ஓரமாப் போப்பா ஆட்டோ! பெரிய பிடிலு வருது!" என்றார் கங்காதரன்.

பம்பை மறுபடி முழங்கியது. கையை வீசிக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர் முன்னே நடந்தார். சம்பந்தம் பன்னீர்ச் சொம்பைத் தேடி எடுத்துக்கொண்டு தன் மண்டபத்து வாசலுக்கு வந்து சேர்வதற்குள், அந்த வாசலின் நட்டநடுவில், சீரியல் விளக்குக்குக் கீழே, கங்காதரன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்றாயிற்று. கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, "வாங்க, வாங்க, எல்லாரும் உள்ள வாங்க" என்றார்.